தகனத்துக்குத் தடையில்லை, சாம்பலுக்குத்தான் இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களின் இடநெருக்கடி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி உறுத்தியது: ‘கிறிஸ்தவ மதம் உடலை எரிப்பதைத் தடை செய்கிறது.’ 1963-க்கு முன்னால் கத்தோலிக்கரைப் பற்றி மட்டும் இப்படி எழுதியிருந்தால் சரி. இன்றைக்குத் தவறு. இறந்தவர் ‘என்னை எரித்துவிடுங்கள்’ என்று எழுதியே வைத்திருந்தாலும், வீட்டில் பெட்டியை வைத்துக்கொண்டு மகன் ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம் என்று வாக்குவாதம் நடக்கிறது. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் கைபேசியில் காட்டுவது இப்படிப்பட்ட வரியைத்தான். ஆகவே கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை 1886-இல் தகனத்தைத் தடை செய்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தன்னை எரிக்கச் சொல்லிவிட்டுக் கடைசிவரை மனம் மாறாதவருக்குத் திருச்சபை அடக்கமே கிடையாது என்றது. 1963-இல் தடை விலகியது. இப்போது நடப்பில் உள்ள 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1176-ஆம் விதியைப் பாருங்கள். அடக்கம் செய்யும் பக்தி வழக்கம் தொடர வேண்டுமென்று திருச்சபை மனதார விரும்புகிறது, தகனத்தைத் தடுக்கவில்லை, கிறிஸ்தவப் போதனைக்கு எதிரான காரணத்துக்காக ஒருவர் தகனத்தைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் விலக்கு. கத்தோலிக்கத்தின் கீழைத் திருச்சபைகளுக்கான 1990-ஆம் ஆண்டுத் தொகுப்பும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது.

1886-இன் தடைக்கு நெருப்பின் மேலிருந்த பயம் காரணமல்ல. இத்தாலியில் அன்றைய திருச்சபை எதிர்ப்பாளர்கள், குறிப்பாக ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தார், தகனத்தை ஒரு கொடியாகப் பிடித்தார்கள். மிலான் நகரக் கல்லறைத் தோட்டத்தில் 1876-இல் தகன உலை வந்தபோது, ‘செத்தபின் ஒன்றுமில்லை, பாருங்கள்’ என்று காட்டுவதற்கே அது சிலருக்குப் பயன்பட்டது. திருச்சபை மறுத்தது அந்தக் கோஷத்தை. கோஷம் ஓய்ந்தது, தடையும் போனது. இன்று ஒரு குடும்பம் தகனத்துக்கு வருவது இடமில்லாததாலோ, செலவாலோ, வெளிநாட்டிலிருந்து உடலைக் கொண்டுவர முடியாததாலோதான். விலக்கில் சொன்ன காரணங்கள் எதிலும் இவை சேராது.

இங்கிலாந்தில் வோக்கிங் தகன உலையில் 1885-இல் முதல் தகனம் நடந்தது. ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபையின்) தலைமைப் பேராயரான கான்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிள் 1944-இல் இறந்தபோது அவர் உடலே தகனம் செய்யப்பட்டு, சாம்பல் கான்டர்பரி பேராலயத்தில் அடக்கமானது. ஆங்கிலிக்கன் உலகில் ‘இது பாவமா?’ என்ற கேள்வி அத்தோடு அடங்கிவிட்டது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள்தாம் இன்றும் மறுக்கின்றன. கிரேக்க நாட்டில் சட்டம் 2006-இல் வந்தும், முதல் தகன உலை திறக்க 2019 ஆனது. பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் பொதுவான சட்டப் புத்தகம் கிடையாது; பாஸ்டர் சொல்வதே விதி. பெரும்பாலான பாஸ்டர்கள் அடக்கத்தைத்தான் சொல்கிறார்கள். ஆக, ‘கிறிஸ்தவ மதம்’ என்று ஒரே சொல்லில் எழுதினால் இத்தனையும் காணாமல் போகிறது.

எரித்தால் உயிர்த்தெழுதல் என்ன ஆகும் என்ற கேள்வி புதிதல்ல. கி.பி. 177-இல் இன்றைய பிரான்ஸின் லியோன் நகரில், விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சிகளின் உடல்களை எரித்து ரோன் ஆற்றில் கரைத்தார்கள். ‘இனி எப்படி எழுவார்கள், பார்க்கலாம்’ என்பதுதான் எரித்தவர்களின் நோக்கம். அந்த மறைசாட்சிகளுக்கு உயிர்ப்பு இல்லை என்று எந்தத் திருச்சபையும் சொன்னதில்லை. திருச்சபையை எதிர்த்த ஆங்கிலேய இறையியலாளர் வைக்ளிஃப்பின் எலும்புகளை 1428-இல் தோண்டியெடுத்து எரித்து, ஸ்விஃப்ட் ஆற்றில் போட்டார்களே, அவருக்கும் அதே கணக்குத்தான். நல்லடக்கம் கிடைக்காமல் போனதால் விசுவாசிக்கு எந்த நட்டமும் இல்லை என்று திருச்சபைத் தந்தை அகுஸ்தினார் ஐந்தாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அடக்கம் இறந்தவருக்கு உதவி என்பதைவிட, இருப்பவர்களுக்கு ஆறுதல் என்றும் அவர் சொன்னார்.

வேதாகமத்தில் நேரடித் தடை எதுவும் இல்லை. வழக்கம் மட்டும் தெளிவாக அடக்கத்தின் பக்கம். ஆபிரகாம் மக்பேலா குகையை 400 சேக்கல் வெள்ளிக்கு வாங்கியது சாராளை அடக்கம் செய்யத்தான். எரித்தல் வரும் இடங்களில் பெரும்பாலும் அது தண்டனை அல்லது அவமதிப்பு: ஏதோமின் ராஜாவுடைய எலும்புகளை நீறாகச் சுட்டதற்காக மோவாபை ஆமோஸ் கண்டிக்கிறார். ஆனால் யாபேஸ் கீலேயாத்தார் சவுலின் உடலையும் அவன் குமாரரின் உடல்களையும் எரித்து, எலும்புகளை எடுத்து மரத்தின்கீழ் அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசமும் இருந்தார்கள். அது மரியாதைக்காகச் செய்தது. எரித்தார்கள், அடக்கமும் செய்தார்கள். எங்கள் வாதம் முழுவதும் அந்த இரண்டாவது பாதியைப் பற்றியதுதான்.

அதற்குமுன் மண் என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ‘அடக்கம் என்றால் உடல் அப்படியே கிடக்கும்’ என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. குடும்பக் கல்லறையை மறுபடி திறந்து அடுத்தவரை வைப்பது நம்மூர்களில் அன்றாடம் நடக்கிறது. திறக்கும்போது பழைய எலும்புகளைச் சேகரித்து, துணியில் கட்டி, குழியின் தலைமாட்டிலோ அடியிலோ சிறு பள்ளம் எடுத்து வைக்கிறார்கள். இயேசுவின் காலத்து எருசலேமிலும் இதுவே வழக்கம். குகைக் கல்லறையில் ஓராண்டுபோல வைத்திருந்துவிட்டு, எலும்புகளை மட்டும் எடுத்துத் தொடை எலும்பு கொள்ளும் நீளமுள்ள கல்பெட்டிகளில் சேர்த்தார்கள். அந்தக் கல்பெட்டிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம். மண்ணானாலும் நெருப்பானாலும் கடைசியில் மிஞ்சுவது எலும்பின் சுண்ணாம்புச் சத்துத்தான். மண்ணுக்குப் பல ஆண்டுகள் வேண்டும், நெருப்புக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

மண் தன் வேலையைச் செய்யவிடாமல் நாமே கெடுப்பதும் உண்டு. பாலிஷ் போட்ட தேக்குப் பெட்டி, உள்ளே பாலியெஸ்டர் மெத்தை, பட்டுச்சேலை என்ற பெயரில் செயற்கை இழை, ஃபார்மலின் ஏற்றிய உடல், சுற்றிலும் சிமெண்டுத் தொட்டி, மேலே கிரானைட். காற்றும் கிருமியும் நுழைய வழியில்லை. இத்தகைய கல்லறையைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திறந்தால் உடல் பாதிகூடக் கரையாமல் இருக்கும். நீர் ஊறும் இடமென்றால் உடற்கொழுப்பு வெள்ளை மெழுகுபோல இறுகி இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். பக்கத்தில் புது உடலை வைத்துக்கொண்டு, திறந்த குழியை மூடவும் முடியாமல் குடும்பம் திகைக்கும். சாதாரண நாட்டு மரப்பெட்டி அல்லது பெட்டியே இல்லாமல் பருத்தித் துணி, அடியில் சிமெண்டு போடாத வெறும் மண், மேலே குறைந்தது மூன்றடி மண். கல்லறை மறுபடி பயன்பட வேண்டுமானால் இதுதான் வழி. எங்கள் சாய்வை மறைக்கவில்லை: இடம் இருக்கும் ஊரில் இப்படிப்பட்ட எளிய அடக்கமே எங்களுக்குப் பிடித்தது.

இடம் இல்லாத ஊரில்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குழிக்கு ஏழடி நீளம், மூன்றடி அகலம். நடக்க வழிவிட்டால் எட்டுக்கு நான்கு, 32 சதுர அடி. ஒரு சென்ட் 435 சதுர அடி, அதில் 13 குழி. இதே 32 சதுர அடியில் பத்தடி நீளம், மூன்றடி தடிமனில் ஒரு சுவர் கட்டி, இரு முகத்திலும் சாம்பல் கலசம் வைக்க அடிக்கு ஒரு மாடம் வீதம் ஆறு வரிசை வைத்தால் 120 மாடங்கள். ஒருவர் படுக்கும் இடத்தில் 120 பேரின் சாம்பல் கலசம்.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கு எப்போதோ வந்துவிட்டது. அங்கே புது அடக்கத்துக்குத் திறந்திருக்கும் கல்லறைத் தோட்டம் சுவா சூ காங் மட்டும்தான். 1998 முதல் அங்கும் 15 ஆண்டுதான் தவணை. அதன்பின் தோண்டியெடுத்து, மதம் அனுமதித்தால் எரித்து, சாம்பலை மாடத்தில் வைக்கிறார்கள். அதனால் அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலருக்குக் கோயிலை ஒட்டிய மாடச்சுவர் பழகிய காட்சி. கேரளத்தில், ஆலப்புழை இலத்தீன் மறைமாவட்டம் 2020 ஜூலையில், கொரோனாவால் இறந்தவர்களைக் கோயில் கல்லறை வளாகத்திலேயே தகனம் செய்து சாம்பலை அடக்கம் செய்யலாம் என்று முடிவெடுத்தது. கடலோர மணல், தோண்டினால் தண்ணீர்; விதி கேட்ட ஆழத்துக்குக் குழி எடுக்க வழியில்லை. அதே காலத்தில் இலங்கையில் கொரோனா உடல்கள் அனைத்தையும் எரித்தே தீர வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. முஸ்லிம்கள் முதன்மையாகவும் கிறிஸ்தவர்களும் அதை எதிர்த்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் கட்டாயம் நீங்கியது. ஆலப்புழையில் தகனம் திருச்சபை எடுத்த முடிவு; இலங்கையில் அரசு திணித்தது.

இனி நம்மூர் எரிவாயு தகனமேடைக்கு வருவோம். கிறிஸ்தவக் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான்.

மருத்துவரின் மரணக் காரணச் சான்றும் இறந்தவரின் அடையாள அட்டை நகலும் கையில் இருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உள்ள மரணம் என்றால் தடையில்லாச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். விசாரணை முடியாத நிலையில் எரிப்பதைவிட அடக்கமே நல்லது. பின்னால் சந்தேகம் வந்தால் தோண்டிப் பரிசோதிக்க முடியும். இறந்தவருக்குப் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் முன்கூட்டியே மருத்துவமனையில் எடுத்துவிட வேண்டும். அதிலுள்ள லித்தியம் மின்கலம் சூட்டில் வெடித்து உலையின் உட்சுவரைப் பெயர்க்கும், ஊழியருக்கும் ஆபத்து. இடுப்பிலோ மூட்டிலோ பொருத்திய உலோகத்தால் கெடுதல் இல்லை. அது எரியாமல் அப்படியே வரும்.

பெட்டி அடுத்த சிக்கல். நம்மூர் உலைகள் பெரும்பாலும் பெட்டியில்லாத உடலுக்கு ஏற்றவை. கண்ணாடி மூடி, தகரம் அடித்த உட்பக்கம், பித்தளைக் கைப்பிடி, தெர்மோகோல் அலங்காரம் எல்லாவற்றோடும் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினால், ஊழியர் உடலை மட்டும் வெளியே எடுக்கச் சொல்வார். அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தின் முன்னால் பெட்டியிலிருந்து உடலைத் தூக்கி மாற்றுவது நல்ல காட்சியல்ல. கோயிலிலேயே பூசை முடிந்ததும், உறவினர் நான்கு பேர் சேர்ந்து வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி மூங்கில் பாடைக்கு மாற்றிவிடலாம். கையில் கட்டிய பிளாஸ்டிக் செபமாலையை எடுத்துவிட்டு, வேண்டுமானால் மரமணிச் செபமாலை வைக்கலாம். பிளாஸ்டிக் உருகி எலும்போடு ஒட்டிக்கொள்ளும்.

பூசை எப்போது? உடலை முன்னே வைத்துத் திருப்பலி, பிறகு தகனம், பிறகு சாம்பல் அடக்கம் என்பதே திருச்சபை விரும்பும் வரிசை. தகனமேடைக்கு நேரம் பதிவு செய்துவிட்டு, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் திருப்பலி தொடங்கினால் அவசரம் இராது. ‘மண்ணுக்கு மண்ணும், சாம்பலுக்குச் சாம்பலும்’ என்று ஒப்புவிக்கும் செபத்தைத் தகனமேடை வாசலில் சொல்லிவிட்டுக் கலைந்துபோகிறார்களே, அதுதான் பெரிய பிழை. இன்னும் அங்கே மண்ணும் இல்லை, சாம்பலும் இல்லை. அந்தச் செபத்தைச் சாம்பலை அடக்கம் செய்யும் நேரத்துக்கு வைத்துக்கொண்டு, வாசலில் பிரியாவிடைச் செபம் மட்டும் சொன்னால் போதும்.

உலையின் சூடு 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ். ஒன்றரை மணி நேரம் எரிய, பிறகு ஆற நேரம். மிஞ்சுவது இரண்டு முதல் மூன்று கிலோ. மேல்நாடுகளில் அதை இயந்திரத்தில் பொடித்துத் தருவார்கள். நம்மூரில் பெரும்பாலும் எலும்புத் துண்டுகளாகவே மண்கலயத்தில் வரும். ஊழியர் கலயத்தின் வாயில் துணியைக் கட்டி நீட்டுகிறார். அவருக்குத் தெரிந்தது, அடுத்தது கடலோ ஆறோதான். ‘பால் கொண்டு வந்தீங்களா?’ என்றுகூடக் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. சாமியார் திரும்பிப் போயாயிற்று, உபதேசியாரும் இல்லை. கலயத்தை வாங்கிய மருமகனுக்கு அதை எங்கே கொண்டுபோவது என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கடைசியில் அது பெசன்ட் நகர் கடலில் கரைகிறது, அல்லது வீட்டு அலமாரிக்குப் போகிறது. வாங்க ஆளே வராவிட்டால் சில நாள் வைத்திருந்துவிட்டுத் தகனமேடை ஊழியர்களே அப்புறப்படுத்திவிடுவார்கள்.

திருச்சபை உண்மையிலேயே மறுப்பது இந்தக் கட்டத்தில் நடப்பதைத்தான். வத்திக்கான் 2016-இல் வெளியிட்ட அறிவுரை இதைப் பற்றியே: சாம்பலைக் கல்லறைத் தோட்டம், கோயில் போன்ற மந்திரித்த (புனிதப்படுத்திய) இடத்தில் வைக்க வேண்டும். காற்றிலோ நிலத்திலோ கடலிலோ தூவக் கூடாது. பங்கு பிரிக்கக் கூடாது, நகையாகச் செய்யக் கூடாது, அபூர்வமான சூழ்நிலை தவிர வீட்டில் வைக்கக் கூடாது. கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எதிரான நோக்கத்தோடு, தன் சாம்பலைத் தூவச் சொல்லி வெளிப்படையாகக் கேட்டவருக்கு அடக்கச் சடங்கே மறுக்கப்படும். 2023 டிசம்பரில் சிறிது தளர்த்தினார்கள். பலருடைய சாம்பலை ஒரே பொதுப் பேழையில் சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொருவர் பெயரும் பதிவாக வேண்டும். இறந்தவரின் வாழ்வில் முக்கியமான ஓரிடத்தில் மிகச் சிறு பகுதியை வைக்கக் குடும்பம் கேட்டால், தவறான நோக்கம் இல்லாதபோது அதையும் பரிசீலிக்கலாம்.

சாம்பலைக் குடும்பக் கல்லறையிலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கல்லறையை முழுவதும் திறக்க வேண்டியதில்லை. தலைமாட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தில், இரண்டடி ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுத்து, சுடாத மண்கலயத்திலோ பருத்திப் பையிலோ வைத்து மூடினால் போதும். எலும்புச் சாம்பல் கடுமையான காரத்தன்மை உள்ளது, உப்பும் உண்டு. ‘மேலே ஒரு ரோஜாச் செடி நடலாமே’ என்று ஆசைப்பட்டு நேராக வேரில் கொட்டினால் செடி கருகும். மண்ணைத் தாராளமாகக் கலந்து, மேலே ஓரடி வெறும் மண் விட்டு நடலாம்.

மாடச்சுவர் கட்டும் கத்தோலிக்கப் பங்குகளுக்கும் புராட்டஸ்டண்ட் சேகரங்களுக்கும் சில வார்த்தை. பெரியவர் ஒருவரின் சாம்பலுக்கு மூன்றரை லிட்டர் கொள்ளும் கலசம் வேண்டும்; மாடத்தின் வாய் உள்ளளவு பத்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அடிமட்டம் வெளிப்பக்கம் சற்றே சரிந்திருந்தால் மழைநீர் தங்காது. மூடுகல்லைச் சிமெண்டு வைத்துப் பூசாதீர்கள். பத்தாண்டு கழித்து ஏதாவது காரணத்துக்குத் திறக்கும்போது கல் உடையும், கலசமும் உடையும். நான்கு பித்தளைத் திருகாணி போதும். பெயரை ஸ்டிக்கரில் ஒட்டினால் இரண்டு கோடையில் வெளுத்துவிடும், கல்லில் வெட்டுங்கள். கலசத்தின் மூடிக்குள்ளும் ஒரு எண்ணிட்ட உலோகத் தகடு போடுங்கள், கல் தவறினாலும் ஆள் தவறாது. முக்கியமாக, மரணப் பதிவேடு. நம் கோயில்களின் பழைய பேரேடுகளில் ‘அடக்கம் செய்த நாள், குழி எண்’ என்று இரண்டு கட்டங்கள்தாம் இருக்கும். தகன நாள், சாம்பல் அடக்க நாள், மாட எண் என்று மூன்று கட்டம் சேர்க்க வேண்டும். அரசுப் பதிவு வேறு, அதை 21 நாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

மாடச்சுவரை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றை மட்டும் லேசாகத் தள்ள முடியாது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று மண்மேட்டைக் கழுவி, பூப்பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றி, சுற்றி உட்கார்ந்து செபிப்பதற்கு நம் மக்களுக்கு ஓர் இடம் வேண்டும். பத்து அங்குலக் கல்லுக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார முடியும்? அதனால் சுவரை மதில் ஓரம் ஒட்டிக் கட்டாமல், முன்னால் பத்தடியாவது தரை விட்டு, மெழுகுவர்த்திக்கு நீண்ட மணல்தொட்டி ஒன்று வைக்க வேண்டும். இந்தத் தரையை விட்டாலும், மேலே சொன்ன கணக்குப்படி இடம் மிச்சம்தான்.

‘இந்துக்கள் வழக்கத்தை நாம் ஏன் எடுக்க வேண்டும்?’ என்பவர்களுக்கு: நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றின் நடுவே சாதிக்கொரு பக்கம் பிரித்த சுவரும் வேலியும் நிற்கின்றன. அந்த வழக்கத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம். மாடச்சுவரில் எண் வரிசைப்படிதான் இடம் என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் அந்தச் சங்கதி உள்ளே வராது. எழுதி வைக்காவிட்டால் அங்கும் வரும்.

தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2021 டிசம்பரில் இறந்தபோது, அவர் விரும்பியபடி மலிவான பைன் மரப்பெட்டியில் ஆராதனை நடந்தது. உடல் நெருப்பில் அல்ல, காரம் கலந்த சூடான நீரில் கரைக்கப்பட்டு, மிஞ்சியது கேப் டவுன் பேராலயத்தில் அடக்கமானது. அந்த முறை நமக்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் கேட்க வேண்டியது அதே கேள்விதான்: மிஞ்சியதை எங்கே அடக்கம் செய்தீர்கள்?

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், அந்த வரியை இப்படிப் போடலாம்: ‘பெரும்பாலான கிறிஸ்தவத் திருச்சபைகள் அடக்கத்தை விரும்புகின்றன, ஆர்த்தடாக்ஸ் சபைகள் தவிரப் பல சபைகள் தகனத்தை அனுமதிக்கின்றன, கத்தோலிக்கத் திருச்சபை, சாம்பலைத் தூவாமல் அடக்கம் செய்யும்படி கேட்கிறது.’

இப்படிக்கு,
கல்லறைத் தோட்டப் பராமரிப்புக் குழு உறுப்பினர்கள் சிலர்,
சென்னை